நிலையம் எண் மூன்று

தொர்ரெசெக்கா
8 ஏப்ரல் 1979, குருத்து ஞாயிறு

லீவியோ,

உன் அண்ணன் துல்லியோவின் அடக்கத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மூன்று வருடமாக நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொள். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

நண்டுகள் ஓடு உரிக்க முடியாமல் சாகின்றன.

இது நீ பாதியில் விட்டுப் போன தொழில், மறந்திருப்பாய். உன் பரிசோதனைக் கூடத்தில் யாருக்காவது விளக்க வேண்டியிருந்தாலும் உதவும் என்று எழுதுகிறேன். வலையில் வருவதைச் சாய்வுப் பலகையில் கொட்டி, ஒவ்வொரு நண்டாகப் புரட்டிப் பார்க்கிறோம். ஓட்டின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது ஓரிரு நாளில் உரிக்கும். கோடு மங்கலாக இருந்தால் இரண்டு வாரம். கோடே இல்லாததற்குப் பைத்தியம் என்று பெயர், அதைத் திரும்பத் தண்ணீரில் எறிந்துவிடுகிறோம். உரிக்கப் போவதைத் துளைபோட்ட மரப்பெட்டியில் வைத்து வாய்க்காலில் கம்பு நட்டுத் தொங்கவிடுகிறோம். காலையும் மாலையும் திறந்து, உரித்து மெத்தென்று கிடக்கும் மெது நண்டை உடனே எடுக்க வேண்டும். விட்டால் மற்றவை தின்றுவிடும். அரை நாள் போனால் புது ஓடும் இறுகி, வாங்க ஆள் இருக்காது. இவ்வளவுதான். எல்லாம் கண்.

மார்ச் 22 மாலை, கோடு தெளிவாக இருந்த நாற்பது நண்டை ஒரே பெட்டியில் வைத்தேன். காலையில் ஏழு மட்டுமே முழுதாக உரித்திருந்தன, ஏழு தொடங்கவே இல்லை. இருபத்தாறு நண்டு முதுகு பிளந்து, பின்பக்கம் வெளியே வந்து, கால்கள் பழைய ஓட்டுக்குள்ளேயே மாட்டிக் கிடந்தன, முக்கால்வாசி செத்து. சிலதுக்கு உயிர் இருந்தது. நான் விரலால் இழுத்துப் பார்த்தேன். கால் கையோடு வந்துவிட்டது. இருபத்தேழு வருடத்தில் இப்படி நான் பார்த்ததில்லை.

மார்ச் 5-இலிருந்து ஒரு மஞ்சள் விமானம் வருகிறது. கடற்கரைச் சுற்றுலாக் கூடார முகாமுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பின் மேல் தாழப் பறந்து, மாவு கரைத்த தண்ணீர் போல எதையோ தூவுகிறது. கொசு மருந்தாம். இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் பெட்டி தொங்கவிடும் இடங்களையும்விட நம் இடம்தான் சதுப்புக்குப் பக்கம், உனக்குத் தெரியும்.

மீனவர் சங்கத்தின் விதியும் உனக்குத் தெரியும். விதவை கணவனின் இடத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வசந்தம், இலையுதிர்காலம் இரண்டிலும் தொடர்ந்து மெது நண்டு கொண்டுவராவிட்டால், புனித மார்ட்டின் நாளில் அந்த இடம் சீட்டுக் குலுக்கலுக்குப் போய்விடும். எவாரிஸ்தோ இப்போது சங்கத் தலைவர். துறையில் எல்லோர் முன்னாலும் என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "துல்லியோ போகும்போது கண்ணையும் எடுத்துட்டுப் போயிட்டானா ஆர்மீதா? ஒரு கண்ணாடி வாங்கிப் போடும்மா" என்றார். சிரித்தார்கள். சிரித்தவர்களில் நான் சொந்தம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

பேருந்து ஓட்டுநரிடம் ஒரு புட்டி வாய்க்கால் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஆர்மீதா

*

20 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணி,

கடிதமும் புட்டியும் கிடைத்தன. புட்டியில் ஒயின் வாடை அடித்தது. அடுத்த முறை கொதிநீரில் கழுவிய கண்ணாடிக் குப்பியில் அனுப்புங்கள்.

பரிசோதித்துவிட்டோம். தாங்கள் அனுப்பிய நீரில் மருந்து கண்டறியப்படவில்லை. இது என் சொந்தக் கருத்தல்ல, கருவி சொல்வது. அந்த மருந்து கொசுப் புழுவுக்கானது. மனிதருக்கும் மீனுக்கும் தீங்கில்லை என்று தயாரித்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சதுப்பில் கொசு பெருகினால் முகாமுக்கு ஒரு ஜெர்மன் குடும்பம்கூட வராது. முகாமுக்கு ஆள் வராவிட்டால் தொர்ரெசெக்காவில் பாதி வீடுகளின் மாடி அறைகள் காலியாகக் கிடக்கும். அதையும் யோசியுங்கள்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துல்லியோ இருந்தவரை பலகையில் நின்றவன் அவன். நீங்கள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. எவாரிஸ்தோ சொன்ன விதம் நாகரிகமில்லாமல் இருக்கலாம். அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடாது.

ஒரு யோசனை. வாய்க்கால் முகப்பில் இப்போது மோட்டார்ப் படகுகள் அதிகம். நண்டு கலவரப்படும். பெட்டிகளை உள்ளே, வாய்க்கால் முழங்கை போல மடங்கும் வளைவுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஏறி இறங்குவதே தெரியாது. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை வைத்தீர்கள், எத்தனை முழுதாக உரித்தன, எத்தனை பாதியில் நின்றன, எத்தனை உரிக்கத் தொடங்காமலே செத்தன என்று நாள்தோறும் குறித்து அனுப்புங்கள். அதை வைத்து நான் உங்களுக்குச் சொல்ல முடியும். கூடவே, முழுமைக்காக, வளைவின் அடிச்சேறு ஒரு கைப்பிடி, மூடிய குப்பியில்.

அன்புடன்,
லீவியோ

*

தொர்ரெசெக்கா
15 மே 1979

லீவியோ,

நீ சொன்னபடி பதினாறு பெட்டிகளையும் வளைவுக்கு மாற்றினேன். தனியாகக் கம்பு பிடுங்கி, தனியாகவே நட்டேன். பார்த்தவர்கள், குளத்தில் நண்டு வளர்க்கப் போகிறாயா என்று கேட்டார்கள். என் கொழுந்தன் அரசாங்கக் கூடத்தில் இருக்கிறான், அவன் சொல்லித்தான் செய்கிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மே 1 முதல் 14 வரை. முதல் பெட்டி: வைத்தது அறுபது, முழுதாக உரித்தது ஒன்பது, பாதியில் நின்றது முப்பத்தெட்டு, தொடங்காமலே செத்தது பதின்மூன்று. மற்ற பெட்டிகளின் கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான். முகப்பில் இருந்தபோதே இதைவிட நன்றாக இருந்தது. வசந்தப் பருவம் முடிந்துவிட்டது. சங்கத்தில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டார்கள். இன்னொரு கோடு விழுந்தால் போயிற்று.

மற்றவர்களுக்கும் கொஞ்சம் சாகிறது, ஆனால் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் இடங்கள் வெளிவாய்க்காலில் இருக்கின்றன. கடல் தண்ணீர் தினமும் இரண்டு முறை வந்து கழுவிவிட்டுப் போகிறது.

கண் டாக்டரிடமும் போய்வந்தேன். தூரப் பார்வை கொஞ்சம் மங்கலாம், கிட்டப் பார்வை சின்னப் பெண்ணுடையது போல இருக்கிறதாம். சான்றிதழே எழுதித் தந்தார். அதை எவாரிஸ்தோவிடம் காட்டினேன். "டாக்டர் உன் கண்ணைத்தானே பாத்தாரு, நண்டைப் பாக்கலியே" என்றார்.

இரவெல்லாம் அந்தக் கோடே கண்ணுக்குள் நிற்கிறது. இருக்கிறதா, இருப்பதாக நான் நினைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பைத்தியம் என்று எறிந்ததையெல்லாம் திரும்ப வலைபோட்டுப் பிடிக்கத் தோன்றுகிறது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். தண்ணீரில் இல்லை என்கிறாய். பிறகு சேற்றை எதற்குக் கேட்டாய்?

சேறு இத்துடன் இருக்கிறது. குப்பியைக் கொதிநீரில் கழுவினேன்.

ஆர்மீதா

*

2 ஜூன் 1979

அன்புள்ள அண்ணி,

உங்கள் குறிப்புகள் அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன. இங்கே சம்பளம் வாங்குபவர்கள்கூட இப்படி எழுதுவதில்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். இனி தனித்தாள் வேண்டாம், அச்சடித்த படிவங்களின் கட்டு ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பரில் பருவம் தொடங்கியதும் நாள் தவறாமல் நிரப்புங்கள். சேறும் பத்து நாளைக்கு ஒரு குப்பி. பெட்டிகளை இடம் மாற்றிவிடாதீர்கள். பாதியில் இடம் மாறினால் எதையும் ஒப்பிட முடியாது.

சேற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வழக்கமான நடைமுறை.

கண்ணைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். நீங்கள் புதுப்பெண்ணாக வந்த வருடம், எனக்குப் பதினேழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பலகை முன் என்னை நிறுத்தி நூறு நண்டைப் பிரிக்கச் சொன்னார். பதினெட்டைத் தவறாகப் பிரித்தேன். நல்ல பெட்டிக்குள் நான் போட்ட பைத்தியங்கள் மறுநாள் காலைக்குள் மெது நண்டுகளையெல்லாம் தின்றுவிட்டன. துல்லியோ ஒரு பைத்திய நண்டைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் மாட்டித் துறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கவிட்டான். "ஒரு பைத்தியத்துக்கு இன்னொண்ணைத் தெரியல பாருங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தான். நண்டு என் தாடையைக் கவ்வியது. மீன் கழுவும் தொட்டியருகே நீங்கள் நின்றிருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

குறையாகச் சொல்லவில்லை. கண் என்று இந்த ஊர் கொண்டாடுவது எவ்வளவு நம்பத்தகாத கருவி என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே நான் வேறு கருவிகளைத் தேடிக்கொண்டேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

அன்புடன்,
லீவியோ

*

தொர்ரெசெக்கா
24 செப்டம்பர் 1979

அன்புள்ள லீவியோ,

கோடை முழுக்க எழுதவில்லை. முகாமில் கூட்டம், ஊரில் சத்தம், நண்டும் இல்லை. இப்போது பருவம் தொடங்கிவிட்டது.

நீ சொன்னதுதான் சரி. எனக்குத்தான் பொறுமை இல்லை. கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன், போட்டுக்கொண்டு பலகையில் நிற்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, பழகிவிட்டது. வளைவின் அமைதியான தண்ணீரும் நண்டுக்குப் பிடித்துப்போய்விட்டது போலும்.

செப்டம்பர் 10 முதல் 23 வரை. முதல் பெட்டி: வைத்தது அறுபது, முழுதாக உரித்தது ஐம்பத்தொன்று, பாதியில் நின்றது இரண்டு, தொடங்காமல் செத்தது ஒன்று. ஆறு இன்னும் உரிக்கவில்லை. மற்ற பதினைந்து பெட்டிகளும் படிவத்தில் இருக்கின்றன. விமானம் கடைசியாக ஆகஸ்ட் 28-இல் வந்தது. சேறு இரண்டு குப்பி, ஒன்று செப்டம்பர் 13-இல் எடுத்தது, இன்னொன்று 23-இல் எடுத்தது.

அந்தத் துறை விஷயம். ஆமாம், சிரித்தேன். இருபது வயது, கல்யாணமாகி ஐந்து வாரம், கணவன் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது உன் தாடையில் அந்தத் தழும்பு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. தப்புதான்.

படிவம் தீரப் போகிறது. இன்னொரு கட்டு அனுப்பு.

உன் அண்ணி,
ஆர்மீதா

*

6 அக்டோபர் 1979

அன்புள்ள அண்ணி,

உங்கள் படிவங்களை மூன்று முறை பார்த்தேன். ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த எண்கள் நீங்களே பெட்டியைத் திறந்து எண்ணியவைதானே? வசந்தத்தில் அறுபதுக்கு ஒன்பது, இப்போது அறுபதுக்கு ஐம்பத்தொன்று. சேற்றின் நிலையோ வேறு மாதிரி இருக்கிறது. அதாவது, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நான் எதிர்பார்த்த விதத்தில் பொருந்தவில்லை. பரவாயில்லை, அறிவியலில் இப்படி நடக்கும். எங்கள் இயக்குநரிடம் காட்டினேன். மனிதர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஆறு வருடத்தில் அவர் எனக்கு நாற்காலி காட்டியது இதுதான் முதல் தடவை.

நேரில் வந்து பார்க்கத்தான் நினைத்தேன். பேருந்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வேலை விடவில்லை.

ஓர் உதவி. இம்மாதம் 20-ஆம் தேதி இயக்குநர் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். இரண்டு கிலோ மெது நண்டு அனுப்ப முடியுமா? இந்த அறுவடையில் உங்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. நம் ஊர் முறையில் செய்ய வேண்டும் என்று அவர் மனைவிக்கு ஆசை.

அன்புடன்,
லீவியோ

*

தொர்ரெசெக்கா
19 அக்டோபர் 1979

அன்புள்ள லீவியோ,

நானேதான் எண்ணினேன். என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நேற்று வரை முதல் பெட்டி: வைத்தது அறுபது, உரித்தது ஐம்பத்துநான்கு, பாதியில் நின்றது ஒன்று. வளைவின் சேறு இத்துடன் இருக்கிறது, இன்று காலை எடுத்தது. விமானம் வந்து ஐம்பத்திரண்டு நாளாகிறது, நான் எண்ணிப் பார்த்தேன்.

கூடையில் இரண்டு கிலோ இருக்கிறது. பாசி போர்த்தி ஈரத்துணி சுற்றியிருக்கிறேன். மேலே கனமாக எதையும் வைக்காதே, விரல் பட்டாலே அமுங்கிவிடும். முட்டையை அடித்து ஆழமான கிண்ணத்தில் ஊற்று, நண்டை உயிரோடு அதில் விடு, மேலே ஒரு தட்டை மூடு. இரண்டு மணி நேரத்தில் முட்டை முழுவதையும் குடித்துவிடும். வயிறு நிறைந்ததும் மாவில் புரட்டிக் கொதிக்கும் எண்ணெயில் போடு. தட்டைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இயக்குநரின் மனைவி அப்போது சமையலறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடு. மேசைக்கு வந்த பிறகு எல்லோருக்கும் பிடிக்கும்.

உன் அண்ணி,
ஆர்மீதா

*

12 ஜனவரி 1980

அன்புள்ள அண்ணி,

புத்தாண்டு வாழ்த்துகள். நல்ல செய்தியோடு எழுதுகிறேன்.

அறிக்கை அச்சாகிவிட்டது, ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். மேலே என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் படிக்கச் சிரமப்படுவீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து தண்ணீரில் இரண்டு நாளுக்கு மேல் தென்படுவதில்லை. ஆனால் சேற்றிலும் மட்கிய இலையிலும் ஒட்டிக்கொண்டு தங்குகிறது. ஐம்பத்திரண்டாம் நாளில் எடுத்த சேற்றிலும் தொடக்க அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. இதை இந்தக் கடற்கரையில் முதலில் காட்டியவன் நான். அதைவிட முக்கியம் இது: அப்படித் தங்கும் மருந்து சேற்றோடு பிணைந்து செயலற்றுக் கிடக்கிறது. அதே சேற்றின் மேல் தொங்கிய பெட்டிகளில் நண்டுகள் இயல்பாக ஓடு உரித்திருக்கின்றன. ஆகவே தீங்கில்லை. உங்கள் இலையுதிர்காலப் படிவங்கள்தான் சான்று, பக்கம் 31-இல் அட்டவணையாக இருக்கின்றன.

வசந்தகால எண்களைச் சேர்க்க முடியவில்லை. அவை மற்றதோடு ஒத்துப்போகவில்லை. 'பராமரிப்பாளரின் பிரிப்புத் தவறு காரணமாக நீக்கப்பட்டது' என்று அடிக்குறிப்பு போட வேண்டியதாயிற்று. பெயர் இல்லை, வருந்த வேண்டாம்.

பிப்ரவரி முதல் நான் நீர்த்தரப் பிரிவின் தலைவர். இந்த வசந்தத்திலிருந்து விமானம் நம் சதுப்புக்கு மட்டுமல்ல, வடக்கே கியோஜா வரை எல்லாக் காயல்களுக்கும் போகும். அனுமதி என் அறிக்கையின் பேரில் கிடைத்தது.

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். சங்கத்தில் உங்கள் இடம் நிலைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
லீவியோ

*

தொர்ரெசெக்கா
20 ஜனவரி 1980

லீவியோ,

அறிக்கையைப் படித்தேன். சிரமப்படவில்லை. கிட்டப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி எதுவும் நான் வாங்கவில்லை.

இடம் போய்விட்டது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள், பூசை முடிந்து சங்கக் கூடத்தில் சீட்டு எடுத்தார்கள். இரண்டு பருவமும் என் பெயருக்கு நேரே கோடுதான். எவாரிஸ்தோவின் மருமகனுக்கு விழுந்தது. நீ இங்கே ஒரு ஆளிடம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். இலையுதிர்காலத்தில் என் பதினாறு பெட்டியிலும் சேர்த்து மெது நண்டு நாற்பத்தொன்று. ஒரு பெட்டிக்கு அல்ல, பதினாறுக்கும் சேர்த்து.

ஆகஸ்ட் 14-இல் நீ அனுப்பிய முதல் படிவக் கட்டைப் பிரித்தேன், அடியில் ஒரு தாள் இருந்தது. உன் குமாஸ்தா படிவங்களோடு தவறிக் கட்டிவிட்டிருக்கிறார். அதில் உள்ளது இது: 'நிலையம் 1, முகாம் வாய்க்கால். நிலையம் 2, சதுப்பு நடு. நிலையம் 3, தனியார் நண்டுப் பெட்டிகள், தொர்ரெசெக்கா. ஓடு உரிக்கும் உயிரினம் என்பதால் மிகப் பொருத்தமானது. தேங்கு நீருக்கு மாற்றச் செய்தல் நலம். உரிமையாளருக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.' கீழே உன் கையெழுத்து. தேதி 19 பிப்ரவரி. முதல் விமானம் வருவதற்குப் பதினான்கு நாள் முன்னால். நான் உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு ஏழு வாரம் முன்னால்.

அன்று பிற்பகலே சர்க்கரை ஆலைக்குப் பின்னால் உள்ள விமானத் திடலுக்கு நடந்து போனேன். காலி டிரம்கள் வெளியே கிடந்தன. அவற்றின் மேலேயே ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்: புழு தன் தோலை உரிக்கவிடாமல் தடுத்துக் கொல்லும் மருந்து. ஓடு உரிப்பதை வைத்துச் சாப்பிடும் வீட்டில் பிறந்தவன் நீ. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குக் கண்ணைப் பற்றி எழுதினாய்.

தாளை எவாரிஸ்தோவிடம் கொண்டுபோனேன். முழுதாகப் படித்தார். படித்து மடித்துத் திரும்ப என் கையில் வைத்து, "உனக்குக் கண்ணு தெரியலன்னா நஷ்டம் உனக்கு மட்டும்தான். விமானம் நின்னா ஊருக்கே நஷ்டம். ஒரு பொம்பளைக்காக நாப்பது வீட்டு மாடியைக் காலி போட முடியுமா, நீயே சொல்லு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

அதோடு இடம் போனது போனதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

துல்லியோ ஒவ்வொரு பெட்டியையும் பற்றி நோட்டில் எழுதி வைப்பான், உனக்குத் தெரிந்திருக்காது. 1968 நல்ல வருடம். செப்டம்பர் 10-இலிருந்து நான் உன் படிவத்தில் நிரப்பியதெல்லாம் அந்த வருடத்து எண்கள். பாதியில் நின்றது ஒன்று, இரண்டு என்று மட்டும் அங்கங்கே நான் போட்டேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. சேறு மட்டும் உண்மை. அதை ஒவ்வொரு முறையும் நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன விதத்தில் எடுத்தேன். உன் அறிக்கையின் 31-ஆம் பக்கத்தில் ஓடு உரித்திருப்பவை பதினோரு வருடம் முன்பு யாரோ சாப்பிட்டு முடித்த நண்டுகள். நீ அடிக்குறிப்பு போட்டு எறிந்துவிட்ட வசந்தகால எண்கள்தான் நிஜம். ஒரு நாள் வந்து ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அதற்குக் கண்கூட வேண்டாம், நாற்றமே சொல்லியிருக்கும்.

உன் இயக்குநர் சாப்பிட்டது கியோஜா சந்தையில் நான் வாங்கிய நண்டு. நல்ல காயல், விமானம் போகாத தண்ணீர். இனி அங்கேயும் போகும் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை. உன்னை மட்டும் ஒரு பொய்யின் மேல் கையெழுத்துப் போட வைக்க வேண்டும் என்று நினைத்தேன், அது அங்கே வரை நீளும் என்று தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இல்லை. இதில் என் பங்கு என் தலையில்தான், உன் தலையில் ஏற்ற மாட்டேன்.

எவாரிஸ்தோவின் மருமகன் பெட்டிகளை வளைவிலேயே விட்டிருக்கிறான். நல்ல இடமா என்று கேட்டான். அமைதியான தண்ணீர் என்று சொன்னேன்.

நீ உண்மையைச் சொல்வதானால் சொல். அறிக்கையைத் திரும்பப் பெறு, விமானத்தை நிறுத்து. வசந்தகாலக் கணக்குத் தாள்களின் நகல் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் சத்தியம் செய்து தருவேன், எண்களை மாற்றியது நான்தான் என்றும் சொல்வேன். ஆனால் நீ பிப்ரவரி 19-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லை, நான் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதல் விமானம் மார்ச்சில் வரும். உனக்கு ஆறு வாரம் இருக்கிறது.

நான் மார்ச் முதல் முகாமில் கழிப்பறை கழுவப் போகிறேன். பதில் எழுதுவதானால் அங்கே எழுது.

ஆர்மீதா

*

நீர்த்தரப் பிரிவு, தலைவர் அலுவலகம்
11 பிப்ரவரி 1980

மதிப்பிற்குரிய ஆர்மீதா ஃபுர்லான் அம்மையாருக்கு,

தாங்கள் ஜனவரி 20 தேதியிட்டு எழுதிய கடிதம் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கொசு ஒழிப்புக்கான வான்வழித் தெளிப்பு மார்ச் 3, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இவ்வாண்டு விரிவாக்கப்பட்ட பகுதிகள் அனைத்திலும் தொடங்கும். அந்நேரத்தில் துவைத்த துணிகளை வெளியே உலர்த்த வேண்டாம்.

நிலையம் எண் மூன்றின் கண்காணிப்பு முடிவுற்றது. தங்களிடம் எஞ்சியுள்ள படிவங்களும் கணக்குத் தாள்களும் அவற்றின் நகல்களும் அலுவலக உடைமை என்பதால், நிரப்பப்பட்டவை, நிரப்பப்படாதவை அனைத்தையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

லீவியோ ஃபுர்லான்
பிரிவுத் தலைவர்